யாரும் விரும்பாத நாற்காலி

நமது தேசத்தில் நாற்காலிக்கு எப்போதுமே கிராக்கி அதிகம். பஞ்சாயத்து நாற்காலி முதல் பார்லிமெண்டு நாற்காலி வரையில், ஒன்று காலியானால் ஒன்பது பேர் வந்து நிற்பார்கள். ஒரு தடவை உட்கார்ந்து பார்த்தவர்கள் பிறகு எழுந்திருக்க மனம் கொள்வதே இல்லை. இத்தகைய தேசத்தில் யாருமே உட்கார விரும்பாத நாற்காலியும் ஒன்று இருக்கிறது. வசதிக்கு அதில் குறைவு கிடையாது. மெத்தை வைத்துத் தைத்தது; சாய்த்தால் சாயும், உயர்த்தினால் உயரும்; தலைக்கு மேலே விளக்கு; கைக்கு எட்டும் தூரத்தில் தண்ணீர்க் குவளை. "உட்காருங்கள், உட்காருங்கள்" என்று உபசரிக்கவும் ஒருவர் நிற்கிறார். ஆயினும் ஜனங்கள் வாசற்படியிலேயே திரும்பி விடுகிறார்கள். பல் வைத்தியரின் நாற்காலியைத்தான் சொல்லுகிறேன்.

அப்படித் திரும்பியவர்களில் அடியேனும் ஒருவன். ஒரு தடவை அல்ல, மூன்று தடவை.

குடுமியான்மலையிலிருந்து புதுக்கோட்டைக்குச் சுமார் 20 கிலோமீட்டர் தூரம். முதல் தடவை பஸ்ஸை விட்டு இறங்கியதுமே வலி நின்று விட்டது. நின்ற வலிக்கு வைத்தியம் எதற்கு என்று கத்தரிக்காய் வாங்கிக்கொண்டு ஊர் திரும்பினேன். இரண்டாந் தடவை, வைத்தியசாலையில் கூட்டம் அதிகம் என்று திரும்பினேன். கூட்டம் என்பது ஒரு பாட்டியம்மாளும் அவளுடைய பேத்தியும். மூன்றாந் தடவை மாடிப்படியில் பாதி தூரம் ஏறி விட்டேன். மேலே அந்த யந்திரம் 'கிர்ர்' என்று ஒரு சப்தம் செய்தது. அடுத்த நிமிஷம் தெருவில் நின்றேன். எப்படி இறங்கினேன் என்பது இன்று வரையில் எனக்கு ஞாபகம் இல்லை.

வீட்டுக்கு வந்து, "டாக்டர் ஊரில் இல்லை" என்று சொன்னேன். பயத்தில் சொல்லும் பொய் எங்கள் ஊருக்குப் புதிதல்ல. ஊரின் பெயரே அப்படிப்பட்ட ஒரு பொய்யிலிருந்து பிறந்ததாகத்தான் ஸ்தல வரலாறு சொல்லுகிறது. அர்ச்சகர் ஒருவர் சுவாமிக்கு உரிய மாலையைத் தம் காதலிக்குச் சூட்டி விட்டார். அந்தச் சமயம் பார்த்து ராஜா தரிசனத்துக்கு வந்தார். வேறு வழியின்றி அதே மாலையை எடுத்துப் பிரசாதமாகக் கொடுத்தார் அர்ச்சகர். மாலையில் நீளமாக ஒரு தலைமயிர் இருந்தது. "இது ஏது?" என்றார் ராஜா. நடுங்கிப் போன அர்ச்சகர், "சுவாமிக்குக் குடுமி உண்டு, மகாராஜா!" என்று சொல்லி வைத்தார். அவரைக் காப்பாற்ற லிங்கத்தின் தலையில் குடுமி முளைத்ததாம். சிகாநாத சுவாமி என்று திருநாமமும் வந்ததாம். பொய் சொன்ன அர்ச்சகருக்காகக் குடுமி முளைத்தது. பொய் சொன்ன உபாத்தியாயருக்காகப் புதுப் பல் ஒன்றும் முளைக்கவில்லை. பழைய பல்தான் இருந்தது. இரவு பதினொரு மணிக்கு அது தன் வேலையைத் தொடங்கியது.

பல்வலிக்கு இரவு ஏன் அவ்வளவு உகந்த நேரம்? பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் போதிக்கும் நான், அதை அந்த இரவுகளில்தான் நன்றாகப் படித்துக்கொண்டேன். பல்லின் மேற்புறம் எனாமல். மனித உடம்பில் அதைவிடக் கெட்டியான பொருள் கிடையாது. அதற்குள்ளே டெண்டீன் என்ற பாகம். அதன் நடுவே ஒரு சிறு அறை. அந்த அறையில் ரத்தக் குழாய்களும் நரம்புகளும் கூடிய மிருதுவான சதை இருக்கிறது. பற்கூழ் என்று அதற்குப் பெயர். அறையிலிருந்து ஒவ்வொரு வேரின் நுனி வரையிலும் மெல்லிய கால்வாய்கள் செல்லுகின்றன. சொத்தை ஆழமாகி, கிருமிகள் பற்கூழை எட்டினால் அது வீங்குகிறது. விரலில் அடிபட்டால் விரல் வீங்க இடம் உண்டு. பல்லுக்குள் ஏது இடம்? நான்கு புறமும் கற்சுவர் மாதிரி இருக்கிறது. வீக்கம் நரம்பையே அழுத்துகிறது. நாடித் துடிப்பு ஒவ்வொன்றும் சம்மட்டி அடியாக விழுகிறது. படுத்தால் தலைப் பக்கம் ரத்தத்தின் அழுத்தம் கூடுகிறது, அடியும் பலமாகிறது. அதனால்தான் பல்வலிக்காரன் நடு இரவில் திண்ணையில் உட்கார்ந்து நட்சத்திரங்களை எண்ணுகிறான்.

இதில் ஒரு மோசமான சூது உண்டு. கிராம்பை வைத்து அடக்கி, உப்புநீர் கொப்புளித்து, மருந்துக்கடை மாத்திரையை விழுங்கிக்கொண்டே நாளைத் தள்ளினால், ஒரு நாள் வலி அடியோடு நின்று போகும். நாமும் ஜயித்து விட்டதாக நினைத்துக்கொள்வோம். உண்மையில் அன்றைக்குப் பற்கூழ் செத்துப் போயிருக்கிறது. வலியை அறிவிக்க நரம்பு இல்லை. கிருமிகள் மட்டும் இருக்கின்றன. அவை வேர் நுனி வழியாக எலும்பில் இறங்கிச் சீழ் கட்டுகின்றன. காவற்காரன் செத்த பிறகு வீடு அமைதியாக இருக்கிறது என்று சந்தோஷப்படுவது போன்றது அது.

என் நிலைமை இவ்வாறு இருக்கையில், ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் நான்கு நாள் பள்ளிக்கூடத்துக்கு வரவில்லை. ஐந்தாம் நாள் வந்தான். கன்னத்தைச் சுற்றித் துண்டு கட்டியிருந்தான்.

"பல்வலியா?" என்று கேட்டேன்.

"இல்லை, ஸார். கொசுக்கடி" என்றான்.

துண்டை அவிழ்க்கச் சொன்னேன். எலுமிச்சம்பழத்தைப் பாதியாக அறுத்துக் கன்னத்தில் ஒட்ட வைத்தாற்போல் இருந்தது. அப்படிக் கடிக்கும் கொசு இன்னும் இந்தப் பூமியில் பிறக்கவில்லை. அர்ச்சகரின் பொய், உபாத்தியாயரின் பொய், இப்போது மாணாக்கனின் பொய்!

மத்தியானம் அவனுடைய தாயார் வயல் வேலையிலிருந்து நேரே வந்தாள். "வாத்தியாரையா, எத்தனையோ சொல்லிப் பார்த்து விட்டேன். ஊசி என்ற பேச்சை எடுத்தாலே ஓடிப் போகிறான். பூச்சிப் பல் என்று சொல்லிக் கண்டங்கத்திரி விதையைச் சுட்டுப் புகை பிடிக்கச் சொன்னார்கள். அதையும் செய்தேன்; பூச்சி விழவில்லை. நீங்கள் சொன்னால் கேட்பான்" என்றாள்.

பூச்சி எப்படி விழும்? பல்லைப் புழு துளைக்கிறது என்ற நம்பிக்கை நம் நாட்டில் மட்டுமல்ல, பாபிலோனிலும் இருந்தது, ஐரோப்பாவிலும் இருந்தது. 1728-ஆம் வருஷத்தில் பியேர் ஃபோஷார் என்ற பிரெஞ்சுப் பல் வைத்தியர், நுண்நோக்கியை வைத்துப் பார்த்தும் புழு எதையும் தாம் காணவில்லை என்று எழுதினார். கிருமிகள்தான் காரணம் என்பது அதற்கும் வெகு காலத்துக்குப் பிறகு தெரிய வந்தது. அவற்றைப் புகை விரட்டாது.

நான் குரலைக் கம்பீரமாக்கிக்கொண்டு, "ஒன்பதாம் வகுப்புப் படிக்கிறாய். பல் டாக்டருக்குப் பயப்படலாமா?" என்றேன்.

பையன் தலையைக் குனிந்தபடியே, "நீங்கள்தானே, ஸார், சொன்னீர்கள்? குறடு ஒரு முழம் இருந்தது என்று. நான்கு பேர் பிடித்துக்கொண்டார்கள் என்று" என்றான்.

நேயர்களே, என் மாணாக்கர்களிடம் நான் பல தடவை கேள்வி கேட்டு அவர்களை வாயடைக்கச் செய்திருக்கிறேன். அன்று முதல் தடவையாக என் வாய் அடைத்துப் போயிற்று.

விஷயம் இதுதான். எனக்குப் பதினோரு வயதில் ஒரு பல்லைப் பிடுங்கினார்கள். உபாத்தியாயர் வேலைக்கு வந்தது முதல், பற்களைப் பற்றிய பாடம் வரும்போதெல்லாம் அந்தக் கதையைச் சொல்லுவது வழக்கம். பையன்கள் ரஸித்துக் கேட்பார்கள். கேட்கிறவர்கள் ரஸிக்கிறார்கள் என்றால் சொல்லுகிறவன் சும்மா இருப்பானா? முதல் வருஷம் குறடு ஒரு ஜாண் இருந்தது. பிறகு ஒன்றரை ஜாண் ஆயிற்று. பிறகு ஒரு முழம். பிடித்துக்கொண்டவர் முதலில் என் மாமா ஒருவர்தான். வர வர நான்கு பேராகி விட்டார்கள். இருபது வருஷமாக நான் வகுப்பில் சிரிப்பை விதைத்துக்கொண்டிருந்தேன் என்று எண்ணியிருந்தேன். முளைத்து நின்றது என்ன என்பது அந்தப் பையனின் கன்னத்தில் தெரிந்தது.

அந்த வீக்கத்தை அலட்சியம் செய்வதற்கில்லை. கீழ்த்தாடைப் பல்லின் சீழ் தாடைக்கு அடியிலும் நாக்குக்கு அடியிலும் பரவினால், கழுத்து வீங்கிச் சுவாசமே அடைத்துப் போகலாம். 1836-ஆம் வருஷத்தில் லூட்விக் என்ற ஜெர்மன் வைத்தியர் இதை விவரித்தார். இன்றும் அந்த வியாதி அவர் பெயராலேயே வழங்குகிறது. பல்வலியால் உயிர் போகிறது என்று நாம் பேச்சுக்குச் சொல்லுகிறோம். சில சமயம் அது பேச்சோடு நிற்பதில்லை.

"இன்றைக்கே போக வேண்டும்" என்றேன்.

பையன் நிமிர்ந்து பார்த்தான். "உங்களுக்கும்தான் பல்வலி, ஸார். வலது பக்கம் கையை வைத்துக்கொண்டே பாடம் நடத்துகிறீர்கள். நீங்கள் முதலில் உட்காருங்கள். நான் பார்க்கிறேன்" என்றான்.

அன்று சாயங்காலம் குடுமியான்மலை பஸ்ஸில் மூன்று பேர் புதுக்கோட்டைக்குப் போனோம்: பையன், அவன் தாயார், நான். மாடிப்படியில் என் பின்னாலேயே பையன் ஏறி வந்தபடியால், திரும்பி ஓடுவதற்கு வழி அடைத்திருந்தது.

வைத்தியர் ஓர் இளம் பெண்மணி. என் மாணாக்கிகளில் ஒருத்தி என்று சொல்லத் தக்க வயது. நாற்காலியில் உட்கார்ந்தவுடன், "பயமாயிருக்கிறதா, ஸார்?" என்று கேட்டார். நாற்பது வயதைத் தாண்டியவன், பட்டம் பெற்றவன், மீசை வைத்திருப்பவன். என்ன பதில் சொல்லுவது? பையனைப் பார்த்தேன். அவன் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். "ஆமாம், அம்மா. ரொம்பப் பயம். மூன்று தடவை உங்கள் வாசல் வரையில் வந்து திரும்பி விட்டேன்" என்று உண்மையைச் சொன்னேன்.

அவர் சிரிக்கவில்லை. "சொன்னது நல்லதாயிற்று. நான் செய்யப் போவதை ஒவ்வொன்றாகச் சொல்லி விட்டே செய்கிறேன். வலித்தால் இடது கையைத் தூக்குங்கள், அந்த க்ஷணமே நிறுத்தி விடுவேன்" என்றார்.

இந்த இரண்டு வாக்கியங்களில் என் பயத்தில் பாதி இறங்கி விட்டது என்பதைப் பிரமாணமாகச் சொல்லுகிறேன். பிறகு யோசித்துப் பார்த்தபோது காரணம் புரிந்தது. பல் வைத்தியரின் நாற்காலியில் நாம் மல்லாந்து கிடக்கிறோம். வாய் திறந்திருக்கிறது, ஆனால் பேச முடியாது. என்ன நடக்கிறது என்று பார்க்கவும் முடியாது. எவ்வளவு நோவு, எப்போது தீரும் என்பது பிறர் கையில் இருக்கிறது. மனிதனை நடுங்க வைப்பது இந்தக் கையாலாகாத நிலைதான். நிறுத்தும் அதிகாரம் ஒரு கையளவு நம்மிடம் வந்து சேர்ந்ததும், நோவும் ஒரு கையளவுக்குள் அடங்கி விடுகிறது.

பயத்தையும் பலவீனத்தையும் வைத்தியரிடம் சொல்லுவது கோழைத்தனம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு சம்பவத்தை ஞாபகப்படுத்துகிறேன். 1924-ஆம் வருஷம் ஜனவரி 12-ஆம் தேதி. எரவாடா சிறையில் கைதியாயிருந்த காந்தி மகாத்மாவுக்குக் குடல்வால் அழற்சி கண்டு, புனா ஸாஸூன் ஆஸ்பத்திரியில் கர்னல் மாடாக் என்ற வெள்ளைக்காரர் ரண சிகிச்சை செய்தார். சம்மதப் பத்திரத்தில் கையெழுத்திடும்போது மகாத்மாவின் கை நடுங்கியது. பக்கத்தில் இருந்து பார்த்தவர் நமது ஸ்ரீநிவாஸ சாஸ்திரியார். மகாத்மா அந்த நடுக்கத்தை மறைக்கவில்லை. தாமே அதைச் சுட்டிக்காட்டி, இதை நீங்கள்தான் சரி செய்ய வேண்டும் என்று வைத்தியரிடம் சொன்னார். சிகிச்சையின் நடுவில் மின்சார விளக்கும் அணைந்து, அரிக்கேன் லாந்தர் வெளிச்சத்தில் அது முடிந்தது. ஒரு சாம்ராஜ்யத்துக்கே அஞ்சாதவர், தம் கை நடுங்குவதைச் சொல்ல அஞ்சவில்லை. சொத்தைப் பல்லுக்கு அஞ்சுகிற நமக்கு மட்டும் என்ன கௌரவம்?

வைத்தியர் முதலில் எக்ஸ்ரே படம் எடுத்தார். ஈறில் மரத்துப் போகச் செய்யும் களிம்பைத் தடவி, தாடையின் பின்புறத்தில் ஊசி போட்டார். எறும்பு கடித்தது போலச் சுருக்கென்றது. பிறகு ஓர் இறுக்கம். அரை நிமிஷம் நெஞ்சு படபடத்தது. "மருந்தில் கொஞ்சம் அட்ரினலின் கலந்திருக்கிறது. அதனால் இப்படி அடித்துக்கொள்ளும், உடனே அடங்கி விடும்" என்றார். இத்தனை நாள் அந்தப் படபடப்பையும் பயத்தின் கணக்கிலேயே நாம் எழுதி வந்திருக்கிறோம்! "மரத்துப் போகப் பத்து நிமிஷம் ஆகும். அதற்குள் தம்பியைப் பார்க்கிறேன்" என்று பையனைப் பக்கத்து நாற்காலிக்கு அழைத்தார்.

அந்தப் பத்து நிமிஷத்தை மனிதகுலம் எவ்வளவு விலை கொடுத்து வாங்கியது தெரியுமா? 1844-ஆம் வருஷம் டிசம்பர் 11-ஆம் தேதி, அமெரிக்காவில் ஹார்ட்போர்டு நகரத்துப் பல் வைத்தியர் ஹொரேஸ் வெல்ஸ் என்பவர், நைட்ரஸ் ஆக்ஸைடு வாயுவைச் சுவாசித்து விட்டுத் தம்முடைய பல்லையே பிடுங்கச் சொன்னார். நோவு தெரியவில்லை. அடுத்த மாதம் பாஸ்டனில் பெரிய வைத்தியர்கள் முன்னிலையில் அதைச் செய்து காட்டப் போனார். நோயாளி சத்தம் போட்டு விட்டான். கூடியிருந்தவர்கள் "மோசடி" என்று பரிகசித்தார்கள். மனம் உடைந்த வெல்ஸ் 1848-இல் உயிரை மாய்த்துக்கொண்டார். அவருக்குக் கூட்டாளியாயிருந்த மார்ட்டன் என்ற பல் வைத்தியர்தான், 1846 அக்டோபர் 16-இல் அதே பாஸ்டனில் ஈதரைக் கொண்டு வெற்றி கண்டார். உலகத்துக்கு மயக்க மருந்தைக் கொடுத்தவர்களில் முன்னணியில் நிற்கிறவர்கள் பல் வைத்தியர்களே என்பதை நாம் மறந்து விட்டு, அவர்களையே எமதர்மனின் தூதர்கள் என்று பேசுகிறோம்.

உணர்வு போகாமல் ஓர் இடத்தை மட்டும் மரத்துப் போகச் செய்யும் வித்தை, 1884-இல் கார்ல் கோலர் என்ற கண் வைத்தியர் கொக்கெயினை உபயோகித்ததிலிருந்து ஆரம்பமாயிற்று. ஆனால் அது மனிதனை அடிமைப்படுத்தும் பொருள். அந்தத் தோஷம் இல்லாத லிடோகெயின் என்ற மருந்தை 1943-இல் ஸ்வீடன் தேசத்தில் நில்ஸ் லோஃப்கிரென் என்பவர் உண்டாக்கினார். அவருடைய சிஷ்யர் பெங்க்ட் லுண்ட்க்விஸ்ட் தம் உடம்பிலேயே அதைக் குத்திச் சோதித்துப் பார்த்தார். 1948-இல் அது விற்பனைக்கு வந்தது. எங்கள் புதுக்கோட்டை சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்த வருஷமும் அதுதான். நரம்பில் செய்தி ஓடும் வாயில்களை அந்த மருந்து சற்று நேரம் அடைத்து விடுகிறது. பல்லில் நடப்பது மூளைக்கு எட்டுவதில்லை.

என் கீழ் உதடு தலையணை போலக் கனத்தது. பல்லைச் சுற்றி ரப்பர் திரை ஒன்றை மாட்டினார்கள். கருவிகளோ மருந்துகளோ தொண்டைக்குள் போகாமல் அது தடுக்கும். யந்திரம் 'கிர்ர்' என்றது. காதுக்குக் கேட்டது, பல்லுக்குக் கேட்கவில்லை. பற்கூழ் அறை திறந்த க்ஷணம் மட்டும் மின்னல் வெட்டினாற்போல் ஒரு நோவு. கையைத் தூக்கினேன். யந்திரம் நின்றது! சொன்னபடியே நின்றது! வீங்கிச் சிவந்த பற்கூழில் அமிலத் தன்மை ஏறியிருப்பதால், மருந்து அங்கே சரிவரப் பிடிப்பதில்லையாம். இன்னும் கொஞ்சம் போட வேண்டியதுதானாம். போட்டார். அதன் பிறகு நோவு இல்லை.

கீழ்த்தாடையின் முதற் கடைவாய்ப் பல்லுக்குச் சாதாரணமாக இரண்டு வேர், மூன்று கால்வாய். ஒவ்வொன்றிலும் நுண்ணிய அரத்தை விட்டுச் சுத்தம் செய்தார். 15-ஆம் நம்பர் அரத்தின் நுனி 0.15 மில்லிமீட்டர் என்று பிறகு தெரிந்துகொண்டேன். நான் வர்ணித்த முழ நீளக் குறடு எங்கே, இந்த மயிரிழை அரம் எங்கே! கிருமியைக் கொல்லும் திரவத்தால் கால்வாய்களைக் கழுவி, அடுத்த தடவை வரும்போது கட்டாபெர்ச்சா என்ற பிசினால் அடைத்து மூடுவதாகச் சொன்னார். அந்தப் பிசின் மலேயாக் காட்டு மரம் ஒன்றின் பால். ஒரு காலத்தில் சமுத்திரத்துக்கு அடியில் தந்திக் கம்பிகளுக்கு உறை போட்டதும் அதைக் கொண்டுதான். இத்தனையும் முடிய ஒரு மணி நேரம் ஆயிற்று. நடுவில் பத்து நிமிஷம் நான் தூங்கி விட்டேன் என்று பையன் சொல்லுகிறான். நான் மறுக்கவில்லை.

புறப்படுவதற்கு முன் பள்ளிக்கூடத்தில் என் நோட்டுப் புத்தகத்தில் ஒரு வரி எழுதியிருந்தேன்: "எதிர்பார்க்கும் நோவு: பத்துக்கு ஒன்பது." அன்றிரவே அதன் கீழே எழுதினேன்: "அனுபவித்த நோவு: ஊசிக்கு இரண்டு. ஒரே ஒரு க்ஷணம் ஐந்து. மற்றபடி பூஜ்யம். மறுநாள் மெல்லும்போது கடுப்பு இருக்கும் என்கிறார்கள்." கடுப்பு இரண்டு நாள் இருந்தது, அதையும் எழுதிக்கொண்டேன்.

அன்றைக்கே எழுத வேண்டியதற்குக் காரணம் உண்டு. ஜெரி கென்ட் என்ற ஆங்கில ஆராய்ச்சியாளர், பல் வைத்தியத்துக்கு வந்தவர்களிடம், எவ்வளவு நோவு இருக்கும் என்று எதிர்பார்க்கிறீர்கள் என்று முன்னதாகக் கேட்டார். முடிந்தவுடன், எவ்வளவு இருந்தது என்று கேட்டார். மூன்று மாதம் கழித்து, எவ்வளவு இருந்ததாக ஞாபகம் என்று மறுபடியும் கேட்டார். பயந்த சுபாவமுள்ளவர்களின் ஞாபகம், அவர்கள் அனுபவித்த நோவை விட்டு விலகி, எதிர்பார்த்த நோவின் பக்கமாகப் போயிருந்தது. 1985-இல் இதை வெளியிட்டார். பயம் எவ்வளவு சாமர்த்தியசாலி, பாருங்கள்! அனுபவம் வந்து அதைப் பொய்யென்று நிரூபித்தாலும், மூன்று மாதத்தில் அது அனுபவத்தின் ஏட்டையே திருத்தி எழுதி விடுகிறது.

இதைப் படித்ததும் எனக்குப் பழைய சந்தேகம் ஒன்று வந்தது. அன்று என்னைப் பிடித்துக்கொண்ட மாமாவுக்கு டெலிபோன் செய்து கேட்டேன். "நீ அழுததெல்லாம் ஊசிக்கு முன்னாலேதானடா, மாப்பிள்ளை! பல்லைப் பிடுங்கி முடித்த பிறகு, 'எப்போது பிடுங்குவார்கள், மாமா?' என்று கேட்டாயே, மறந்து போயிற்றா?" என்றார். இருபது வருஷம் நான் வகுப்பில் சொன்ன சரித்திரத்தின் கதி இது.

பையனின் விஷயத்தைச் சொல்லாமல் விட்டேன். என் உதடு மரத்துக்கொண்டிருந்த நேரத்தில், அவனுக்கும் ஊசி போட்டுப் பல்லைத் திறந்து சீழை வெளியேற்றினார்கள். இரண்டு தடவை கையைத் தூக்கினான். இரண்டு தடவையும் நிறுத்தினார்கள். வீக்கம் மூன்று நாளில் வடிந்தது. அவன் பல்லைப் பிடுங்க வேண்டியதில்லை. எனக்குச் செய்த சிகிச்சையையே அவனுக்கும் செய்யலாம் என்கிறார் வைத்தியர். அந்தப் பல் அவனுக்கு ஆறு வயதில் முளைத்தது. இன்னும் அறுபது வருஷம் உழைக்க வேண்டியது. ஒரு கதையின் பயத்துக்காக அதை இழந்திருப்பான்.

பெற்றோர்களுக்கும் என் ஜாதியாராகிய உபாத்தியாயர்களுக்கும் ஒரு வேண்டுகோள். "சாப்பிடாவிட்டால் டாக்டரிடம் சொல்லி ஊசி போடச் சொல்லுவேன்" என்று குழந்தைகளை மிரட்டாதீர்கள். வைத்தியரைப் பூச்சாண்டியாக்கி விட்டால், பின்னால் நிஜமான வியாதி வரும்போது குழந்தை யாரிடம் போகும்? அதே மாதிரி, "கொஞ்சங்கூட வலிக்காது" என்றும் சொல்லாதீர்கள். ஊசி கொஞ்சம் வலிக்கத்தான் செய்யும். வலித்தவுடன், நீங்கள் சொன்ன மற்றவையும் பொய்யாகி விடும். "இவ்வளவு வலிக்கும், இவ்வளவு நேரம் இருக்கும், கையைத் தூக்கினால் நிறுத்துவார்கள்" என்று உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். கன்னமோ தாடையின் அடிப்புறமோ வீங்கி, ஜுரம் கண்டு, விழுங்கவும் வாய் திறக்கவும் சிரமமாயிருந்தால், பொழுது விடியட்டும் என்று காத்திராமல் ஆஸ்பத்திரிக்குப் புறப்படுங்கள். மருந்துக்கடை மாத்திரை தவணை வாங்கித் தருமே ஒழியக் கடனைத் தீர்க்காது.

தூரம் என்று சொல்லுவதற்கும் இப்போது நியாயம் குறைந்து விட்டது. டாக்டர் ரஃபியுதீன் அகமது கல்கத்தாவில் 1920-இல் பல் வைத்தியக் கல்லூரியைத் தொடங்கியபோது இந்தியா முழுமைக்கும் அதுவே முதலாவது. 2023-இல் எங்கள் புதுக்கோட்டையிலேயே அரசாங்கப் பல் மருத்துவக் கல்லூரி திறந்தாயிற்று. நாற்காலிகள் நம்மைத் தேடி வந்து விட்டன. உட்காருவதுதான் பாக்கி.

அன்றிரவு பஸ்ஸில் திரும்பி வரும்போது மலை கறுப்பாகத் தெரிந்தது. பையன் தாயாரின் தோளில் சாய்ந்து தூங்குகிறான் என்று நினைத்தேன். திடீரென்று கண்ணை விழித்து, "ஸார், அடுத்த வருஷம் எட்டாம் வகுப்புக்கு அந்தப் பாடம் நடத்தும்போது என்ன சொல்லுவீர்கள்?" என்று கேட்டான்.

"குறடு ஒரு ஜாண்தான் என்று சொல்லுவேன்" என்றேன்.

"அது கூட இராது, ஸார்" என்றான்.

வருகிற சனிக்கிழமை எங்கள் இருவருக்கும் மறுபடியும் போக வேண்டியிருக்கிறது. நேயர்கள் கேட்கலாம்: "பயம் போய் விட்டதா?" என்று. போகவில்லை. நோட்டுப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். சனிக்கிழமைக்கு எதிர்பார்க்கும் நோவு என்று பத்துக்கு மூன்று போட்டிருக்கிறேன். பையன் இரண்டு போட்டிருக்கிறான்.